தாம்பரத்திலிருந்து கீழ்ப்பாக்கம் 30 கி.மீ: மனநல சிகிச்சை பாதியிலேயே நின்றுபோவது ஏன்?

மனநலப் பிரச்னை உள்ள ஒருவரை முதல்முறையாக டாக்டரிடம் கூட்டிப்போவதுதான் பெரிய சவால் என்று பலரும் நினைக்கிறார்கள். சிகிச்சையில் இருப்பவர்களின் வீட்டில் கேட்டால் கதை வேற மாதிரி இருக்கும். முதல் தடவை கடன் வாங்கியாவது, ஆட்டோ பிடித்தாவது போய்விடுகிறார்கள். ஆறாவது மாதமும் பத்தாவது மாதமும் தவறாமல் போவதுதான் முடியாமல் போகிறது.

பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம், பெருங்களத்தூர், வண்டலூர் என்று நீளும் தென்சென்னைப் புறநகரில் இதற்குக் கூடுதலாக ஒரு காரணம் இருக்கிறது. மேப்பை எடுத்துப் பார்த்தாலே புரிந்துவிடும்.

எந்தப் பக்கம் போனாலும் 30 கிலோமீட்டர்

வடக்கே கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனை. 1794-ல் தொடங்கப்பட்டு, 1871-ல் இப்போதுள்ள இடத்துக்கு வந்தது. தெற்கே செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. கிழக்கே கடற்கரையில் கோவளம். அங்கே 'தி பேன்யன்' தொண்டு நிறுவனத்தின் மனநல சேவை நடக்கிறது. தாம்பரத்தில் இருந்து மூன்றுமே ஏறத்தாழ 30 கி.மீ. தூரத்தில் இருக்கின்றன. நடுவில் மாட்டிக்கொண்ட ஊர் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஒரு சின்ன வேடிக்கை: கீழ்ப்பாக்கம் மருத்துவமனையின் முகவரியில் இருப்பது மேடவாக்கம் டேங்க் ரோடு. தாம்பரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் மேடவாக்கத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. முதல்முறை போகிறவர்கள் விசாரித்துக்கொண்டு கிளம்புவது நல்லது.

30 கி.மீ. என்பது பெரிய தூரமா என்று கேட்கலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். பெருங்களத்தூரில் இருந்து ஒரு அம்மா, மகனைக் கூட்டிக்கொண்டு கீழ்ப்பாக்கம் போக வேண்டும் என்றால், காலையில் மின்சார ரயில் பிடித்து எழும்பூரில் இறங்கி, அங்கிருந்து பஸ்ஸோ ஆட்டோவோ பிடிக்க வேண்டும். ஓ.பி. சீட்டு, டாக்டர் அறை முன்னால் காத்திருப்பு, மருந்து வாங்க இன்னொரு வரிசை. வீடு திரும்பும்போது மதியம் தாண்டிவிடும். அம்மாவுக்கு ஒருநாள் வேலை போச்சு. மகன் வேலைக்குப் போகிறவராக இருந்தால் அவருக்கும் ஒருநாள் போச்சு. இது மாதம் ஒருமுறை, வருடக்கணக்கில். மெப்ஸ் வளாகத்திலோ கட்டட வேலையிலோ இருப்பவர் மாதாமாதம் ஒரே காரணத்துக்கு லீவு கேட்டால், "என்ன உடம்புக்கு?" என்ற கேள்வி வந்தே தீரும். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாமலேயே சிகிச்சையை விட்டவர்கள் உண்டு.

அதோடு 'கீழ்ப்பாக்கம்' என்ற பெயரின் சுமை வேறு. தமிழ் சினிமா காமெடியும் தெருப்பேச்சும் சேர்ந்து ஒரு குடியிருப்புப் பகுதியின் பெயரையே கேலிச்சொல் ஆக்கி வைத்திருக்கின்றன. மாத்திரைச் சீட்டில் அந்தப் பெயர் இருக்கிறது என்பதற்காகவே அதை அலமாரியின் அடியில் ஒளித்து வைக்கும் வீடுகள் இருக்கின்றன.

சமூக மனநல சேவை என்றால் என்ன?

நோயாளியைப் பெரிய மருத்துவமனைக்கு வரச் சொல்லாமல், அவர் வசிக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே டாக்டர், மருந்து, ஆலோசனை, மறுவாழ்வு எல்லாம் கிடைக்கச் செய்வதுதான் இது. இந்தியாவில் தேசிய மனநலத் திட்டம் 1982-ல் வந்தது. அதன் கீழ் மாவட்ட மனநலத் திட்டம் 1996-ல் தொடங்கியது. தமிழ்நாட்டில் முதலில் தொடங்கிய மாவட்டம் திருச்சி, 1997-ல். பின்னர் படிப்படியாக மற்ற மாவட்டங்களுக்கும் விரிந்தது.

நடைமுறை எளிது. மாவட்டத்துக்கு ஒரு குழு: மனநல டாக்டர், உளவியலாளர், சமூகப் பணியாளர், செவிலியர். இந்தக் குழு குறிப்பிட்ட நாட்களில் தாலுகா அளவிலான அரசு மருத்துவமனைகளுக்குப் போய் ஓ.பி. பார்க்கும். மருந்து இலவசம். தாம்பரம் பகுதி 2019 நவம்பர் வரை காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்தது. செங்கல்பட்டு மாவட்டம் பிரிந்த பிறகு அதில் சேர்ந்தது. 2021-ல் தாம்பரம் மாநகராட்சியும் ஆகிவிட்டது. ஆனால் பக்கத்திலேயே இருக்கும் பள்ளிக்கரணை, பெருங்குடி எல்லாம் சென்னைக் கணக்கு. ஓ.பி.க்கு இந்த எல்லை ஒரு பிரச்னை இல்லை, எந்த அரசு மருத்துவமனைக்கும் போகலாம். மாற்றுத்திறனாளி சான்று, உதவித்தொகை என்று வரும்போதுதான் 'உங்க மாவட்டம் எது?' என்ற கேள்வி முளைக்கும்.

பக்கத்தில் இருந்தால் எல்லாம் சரியா?

இங்கேதான் நோயாளிகளின் அனுபவம் கொஞ்சம் சிக்கலாகிறது. பக்கத்து மருத்துவமனையில் சிகிச்சை என்றால் பயணச் செலவு குறையும், அரைநாள் மிச்சமாகும். ஆனால் வரிசையில் நிற்கும்போது எதிர்வீட்டு அக்கா பார்த்துவிடலாம். கல்யாணப் பேச்சு நடக்கும் வீடுகளில் இந்தப் பயம் இன்னும் அதிகம். இதனாலேயே பக்கத்தில் வசதி இருந்தும் 30 கி.மீ. தாண்டிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பொறுத்தவரை தூரம்தான் பாதுகாப்பு. திட்டம் போடுபவர்கள் இதை அடிக்கடி மறந்துவிடுகிறார்கள்.

பொது மருத்துவமனைக்குள்ளேயே மனநல ஓ.பி. நடப்பதில் இதற்கு ஓரளவு தீர்வு இருக்கிறது. சுகர், பி.பி., காய்ச்சல் என்று வந்தவர்களோடு சேர்ந்து உட்கார்ந்திருப்பவர் எதற்காக வந்தார் என்று யாருக்கும் தெரியாது. அறை வாசலில் இருக்கும் போர்டும், பெயரைச் சத்தமாகக் கூப்பிடும் பழக்கமும்தான் அந்த நன்மையைக் கெடுக்கின்றன.

அடுத்தது நேரம். கூட்டம் அதிகமுள்ள ஓ.பி.யில் ஒருவருக்குச் சில நிமிடம்தான் கிடைக்கும். "எப்படி இருக்கீங்க? தூக்கம் வருதா? அதே மாத்திரை போடுங்க." அவ்வளவுதான். நோயாளி சொல்ல நினைத்தது வாயிலேயே நின்றுவிடும். பெரும்பாலும் அது மாத்திரையின் பக்கவிளைவாகத்தான் இருக்கும். நாள் முழுக்க மந்தமாக இருப்பது, எச்சில் ஒழுகுவது, கை நடுக்கம், உடல் எடை ஏறுவது, மாதவிலக்கு தள்ளிப்போவது, தாம்பத்திய உறவில் நாட்டம் குறைவது. இவற்றில் கடைசி இரண்டையும் பக்கத்தில் ஆள் நிற்கும்போது யாரும் சொல்ல மாட்டார்கள். சொல்லாமல் என்ன செய்வார்கள்? வீட்டுக்குப் போய் மாத்திரையை நிறுத்துவார்கள்.

நிறுத்தியதும் முதலில் உடம்பு லேசாகும். 'மாத்திரை இல்லாமலே நல்லா இருக்கேனே' என்று தோன்றும். சில வாரமோ சில மாதமோ கழித்துப் பிரச்னை திரும்பி வரும். இந்த இடைவெளிதான் ஏமாற்றிவிடுகிறது. மனச்சோர்வுக்கான மாத்திரை வேலை செய்யத் தொடங்கவே 2 முதல் 4 வாரம் ஆகும். குணமான பிறகும் குறைந்தது 6 மாதம் தொடர வேண்டும் என்பது பொதுவான மருத்துவ நடைமுறை. இதை முதல் நாளே யாராவது உட்கார வைத்துச் சொன்னால் பாதிப் பேர் நிறுத்த மாட்டார்கள். சில நிமிட ஓ.பி.யில் அதற்குத்தான் நேரம் இல்லை. பக்கவிளைவுக்கு மருந்தை மாற்றலாம், அளவைக் குறைக்கலாம்; தினமும் மாத்திரை போட முடியாதவர்களுக்கு மாதம் ஒருமுறை போடும் ஊசிகூட இருக்கிறது. கேட்டால்தான் இதெல்லாம் பேச்சுக்கே வரும்.

மருந்து இருப்பும் ஒரு பிரச்னை. அரசு மருத்துவமனைகளுக்குத் தமிழ்நாடு மருத்துவ சேவைக் கழகம் மருந்து வாங்கித் தருகிறது. பட்டியலில் இல்லாத மருந்தையோ, அன்றைக்குத் தீர்ந்துபோன மருந்தையோ வெளியே வாங்க வேண்டும். 'ஒரு மாசம்தானே' என்று விட்டால் அந்த ஒரு மாதம் போதும், மறுபடியும் முதலில் இருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

லித்தியம் சாப்பிடுகிறவர்கள் இதைக் கவனிக்கவும்

இருமனநிலைக் கோளாறு எனப்படும் பைபோலார் பிரச்னைக்குத் தரப்படும் லித்தியம் நல்ல மருந்து. ஆனால் ரத்தத்தில் அதன் அளவை அவ்வப்போது பார்க்க வேண்டும். சிறுநீரகம், தைராய்டு பரிசோதனையும் தேவை. கடைசியாக மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து ரத்தம் கொடுக்க வேண்டும். அதாவது இரவு போட்டால், காலை மாத்திரைக்கு முன்னால். சென்னை வெயிலில் உடம்பு நீர் வற்றினாலோ, வாந்தி, வயிற்றுப்போக்கு வந்தாலோ லித்தியம் அளவு ஏறி ஆபத்தாகலாம். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகளும் அளவை ஏற்றிவிடும். க்ளோசபின் என்ற மருந்துக்கும் தொடர் ரத்தப் பரிசோதனை கட்டாயம். பக்கத்து மருத்துவமனையில் லேப் வசதி இருக்கிறதா என்பது இவர்களுக்கு உயிர் சம்பந்தப்பட்ட கேள்வி.

வராதவரை யார் தேடுவது?

நோயாளிகளின் அனுபவத்தில் திரும்பத் திரும்ப வரும் விஷயம் இதுதான். ஓ.பி.க்கு வந்தவரைப் பார்க்க ஆள் இருக்கிறது. வராமல் போனவரைக் கேட்க ஆள் இல்லை. மாத்திரையை நிறுத்திய மூன்றாவது வாரம் ஒரு போன் வந்திருந்தால், அடுத்த அட்மிஷனே தேவைப்பட்டிருக்காது என்ற நிலையில் பல குடும்பங்கள் இருக்கின்றன.

இதைச் சோதித்துப் பார்த்த ஆய்வு ஒன்று அன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்திலேயே நடந்திருக்கிறது. மனச்சிதைவு நோய் உள்ளவர்களிடம் தமிழ்நாடு, கோவா, மகாராஷ்டிராவின் சதாரா ஆகிய மூன்று இடங்களில் நடத்தப்பட்ட அந்த ஆய்வின் முடிவு 2014-ல் 'லான்செட்' இதழில் வெளியானது. மொத்தம் 282 நோயாளிகள். அவர்களில் 187 பேருக்கு வழக்கமான டாக்டர் சிகிச்சையோடு, பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளர்கள் வீட்டுக்கே போய் உதவினார்கள். மீதி 95 பேருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். ஓராண்டு முடிவில் வீட்டுக்குப் பணியாளர் போன பிரிவில் நோய் அறிகுறிகளும் செயல்பாட்டுக் குறைபாடும் ஓரளவு கூடுதலாகக் குறைந்திருந்தன. ஒட்டுமொத்தமாகப் பார்த்தால் வித்தியாசம் சிறியதுதான். ஆனால் தமிழ்நாட்டின் கிராமப்புறப் பகுதியில் பலன் மற்ற இடங்களைவிடத் தெளிவாகத் தெரிந்தது.

அந்தப் பணியாளர்கள் டாக்டர்கள் இல்லை. மாத்திரை ஒழுங்காகப் போகிறதா என்று கேட்டார்கள், நோயைப் பற்றி வீட்டாருக்குப் புரியவைத்தார்கள், வேலை, அன்றாட வாழ்க்கைக்குத் திரும்ப உதவினார்கள். தமிழ்நாட்டில் இந்த ஆய்வை நடத்திய 'ஸ்கார்ஃப்' நிறுவனத்தை 1984-ல் தொடங்கியவர் டாக்டர் சாரதா மேனன். கீழ்ப்பாக்கம் மருத்துவமனையின் தலைமைப் பொறுப்பில் நீண்ட காலம் இருந்தவர் அவர். பெரிய மருத்துவமனையை உள்ளிருந்து பார்த்தவரே அதற்கு வெளியில் சேவை வேண்டும் என்று முடிவெடுத்தது கவனிக்க வேண்டிய விஷயம். இதே நிறுவனம் 2010-ல் புதுக்கோட்டையில் பஸ்ஸுக்குள் டெலி-மனநல சிகிச்சையைத் தொடங்கியது. டாக்டர் சென்னையில் இருந்து வீடியோவில் பேச, மருந்து பஸ்ஸிலேயே கிடைத்தது.

சானடோரியம் சொல்லும் பாடம்

வராதவரைத் தேடிப்போவது நடக்காத காரியம் என்று சொல்ல முடியாது. தாம்பரமே அதற்குச் சாட்சி. தாம்பரம் சானடோரியம் 1928-ல் காசநோயாளிகளுக்காகத் தொடங்கப்பட்டது. ரயில் நிலையத்துக்கே அந்தப் பெயர்தான். ஒரு காலத்தில் அந்த ஸ்டேஷனில் இறங்குவதே சந்தேகத்தைக் கிளப்பும். 1990-களில் எச்.ஐ.வி. நோயாளிகள் அங்கே வரத் தொடங்கியபோது பயம் இன்னும் கூடியது. 2004 ஏப்ரலில் மத்திய அரசு இலவச ஏ.ஆர்.டி. மருந்துத் திட்டத்தை நாட்டில் 8 இடங்களில் தொடங்கியபோது, அதில் தாம்பரமும் ஒன்று.

அந்தத் திட்டத்தில் ஒரு விதி உண்டு. மருந்து வாங்க வர வேண்டிய தேதியில் வராதவரின் பெயர் தனியாக எடுக்கப்படும். போன் செய்வார்கள், தேவைப்பட்டால் களப்பணியாளர் தேடிப் போவார். காசநோய்த் திட்டத்திலும் இப்படித்தான். வாழ்நாள் முழுக்க மாத்திரை, வெளியில் சொல்ல முடியாத நோய், வேலை போய்விடும் பயம் என எச்.ஐ.வி.க்கும் மனநோய்க்கும் பொருந்திப்போகும் விஷயங்கள் நிறைய. அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது என்று நோயாளிகளின் குடும்பங்கள் கேட்டால் அதில் நியாயம் இருக்கிறது. வீடு தேடி பி.பி., சுகர் மாத்திரை தரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்டில் இருந்து நடக்கிறது என்பதால், தெருத்தெருவாகப் போகும் ஆட்களும் ஏற்கெனவே இருக்கிறார்கள்.

கோவளத்தில் என்ன நடக்கிறது?

1993-ல் வந்தனா கோபிகுமார், வைஷ்ணவி ஜெயக்குமார் இருவரும் தொடங்கிய 'தி பேன்யன்', முதலில் வீடற்ற பெண்களுக்கான காப்பகமாகத்தான் இருந்தது. குணமானாலும் திரும்பிப்போக வீடு இல்லாதவர்களை என்ன செய்வது என்ற கேள்வி அவர்களைக் காப்பகத்துக்கு வெளியே கொண்டுபோனது. 2015-ல் தொடங்கிய 'ஹோம் அகெய்ன்' முறையில், நான்கைந்து பேர் ஊருக்குள் சாதாரண வாடகை வீட்டில் குடும்பம்போல வாழ்கிறார்கள். உதவிக்கு ஒரு பணியாளர். என்ன சமைப்பது, எப்போது கடைக்குப் போவது என்பதை அவர்களே முடிவு செய்கிறார்கள். பல வருடம் வார்டில் மணி அடித்தால் சாப்பாடு என்று இருந்தவருக்கு இது சின்ன விஷயம் இல்லை.

2001 ஆகஸ்ட் 6-ம் தேதி ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த நோயாளிகள் தப்பிக்க வழியின்றி இறந்தார்கள். பலி 28. வீட்டுக்குப் பக்கத்தில் சிகிச்சை இல்லாதபோது குடும்பங்கள் எங்கே போய் நிற்கின்றன என்பதை அந்தச் சம்பவம் நாட்டுக்கே காட்டியது. இன்றும் தென்சென்னைப் புறநகரில் இருந்து ஏர்வாடிக்கோ குணசீலத்துக்கோ போய்விட்டுப் பிறகு டாக்டரிடம் வருகிறவர்கள் உண்டு. தர்காவுக்கோ கோயிலுக்கோ போவதைத் திட்டினால் அவர்கள் அடுத்த முறை டாக்டரிடம் வர மாட்டார்கள். மாத்திரையை நிறுத்தாமல் போய் வாருங்கள் என்று சொல்வதுதான் பலன் தரும்.

சட்டப்படி உங்கள் உரிமை என்ன?

மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, 2018 மே 29 முதல் அமலில் இருக்கிறது. அதன் 18-வது பிரிவு முக்கியமானது. அரசு நடத்தும் அல்லது அரசு நிதியில் நடக்கும் சேவையில் மனநல சிகிச்சை பெறுவது ஒவ்வொருவரின் உரிமை. அந்தச் சேவை முடிந்தவரை வீட்டுக்குப் பக்கத்தில், கட்டுப்படியாகும் செலவில், தரமாகக் கிடைக்க வேண்டும். குறைந்தபட்சச் சேவைகள் மாவட்டத்தில் இல்லை என்றால், அதே மாவட்டத்தில் வேறு இடத்தில் பெறும் சிகிச்சையின் செலவை அரசு ஏற்க வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. நடைமுறையில் இதைக் கேட்டு வாங்கியவர்கள் மிகக் குறைவு. முதலில் இப்படி ஒரு பிரிவு இருப்பதே பலருக்குத் தெரியாது.

சங்கிலியால் கட்டுவது குற்றம். மயக்க மருந்தும் தசைத் தளர்வு மருந்தும் இல்லாமல் 'ஷாக்' சிகிச்சை கொடுக்கக் கூடாது. நோய் விவரத்தை ரகசியமாக வைத்திருக்க வேண்டும். நாளைக்கு நோய் முற்றினால் எந்த சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று இன்றைக்கே எழுதி வைக்கலாம். தன் சார்பில் பேச ஒருவரை நியமிக்கலாம். இதெல்லாம் சட்டத்தில் இருப்பவை. புகார் என்றால் மனநல மறுஆய்வு வாரியத்தை அணுகலாம், இலவச சட்ட உதவியும் கேட்கலாம்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ன்படி மனநோயும் அங்கீகரிக்கப்பட்ட 21 குறைபாடுகளில் ஒன்று. 40 சதவீதமும் அதற்கு மேலும் பாதிப்பு இருப்பதாக மருத்துவக் குழு சான்று கொடுத்தால்தான் பெரும்பாலான சலுகைகள் கிடைக்கும். சான்று வாங்கினால் 'முத்திரை' விழுந்துவிடும் என்று தயங்குகிறவர்களும் இருக்கிறார்கள். அது அவரவர் முடிவு. நோயாளியைக் கேட்காமல் வீட்டார் முடிவெடுப்பதுதான் சரியில்லை.

முதல்முறை போகும்போது

பக்கத்து அரசு மருத்துவமனையில் மனநல டாக்டர் எந்தக் கிழமை வருகிறார் என்பதை ஓ.பி. சீட்டு தரும் இடத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். ஏற்கெனவே சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டையையும் எடுத்துப் போங்கள், சித்தா மருந்தாக இருந்தாலும். கேட்க வேண்டியதைத் தாளில் எழுதிக்கொண்டு போனால் அந்தச் சில நிமிடத்தில் எதுவும் விட்டுப்போகாது. டாக்டரிடம் தனியாகப் பேச வேண்டும் என்று நோயாளி கேட்டால், கூட வந்தவர் வெளியே காத்திருக்கலாம்.

கீழ்ப்பாக்கத்திலோ செங்கல்பட்டிலோ சிகிச்சையைத் தொடங்கி, நிலைமை சீரான பிறகு பக்கத்து மருத்துவமனையில் மாத்திரை வாங்க விரும்பினால், சிகிச்சை விவரம் அடங்கிய கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள். தன்னுடைய மருத்துவக் குறிப்புகளைப் பார்க்கும் உரிமையை அதே 2017 சட்டத்தின் 25-வது பிரிவு தருகிறது.

நேரில் போக முடியாதவர்கள் 14416 என்ற எண்ணுக்கு அழைக்கலாம். மத்திய அரசின் டெலி-மானஸ் சேவை இது. தமிழ்நாட்டில் 'நட்புடன் உங்களோடு' என்ற பெயரில் 2022-ல் தொடங்கப்பட்டது. 24 மணி நேரமும் இலவசம். தமிழ் தெரியாத வெளிமாநிலத் தொழிலாளர்களும் தங்கள் மொழியில் பேசலாம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் இந்த எண்ணையோ, தமிழக அரசின் 104 எண்ணையோ, சென்னையில் 1986 முதல் இயங்கும் சினேகா தற்கொலைத் தடுப்பு மையத்தை 044-24640050 எண்ணிலோ உடனே அழைக்கவும்.